கண்ணாடித் தண்ணி

ஆறாவது நிமிடத்திலும் எஞ்சின் நிற்கவில்லை.

வழக்கமாக மூன்று நிமிடம். கெட்டியான எஞ்சின் என்றால் நான்கு. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தார். சாம்பல் நிற வேன். ஆக்சிலேட்டருக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டை அப்படியே இருந்தது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்ததால், எங்கோ நாலு தெரு தள்ளி மாவு மில் ஓடுவதுபோலத்தான் அவருக்குக் கேட்டது.

குழாயடியில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு ஏதோ கேட்டார். இன்னுமா போகல என்று கேட்கிறார் என வாயசைவில் தெரிந்தது. இவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஒன்பதாவது நிமிடம் வேன் முழுவதும் ஒருமுறை குலுங்கியது. இரும்பை இரும்பு கவ்வும் சத்தம் பஞ்சைத் தாண்டி வந்தது. பிறகு எதுவும் இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாகக் கையை மட்டும் உள்ளே விட்டுச் சாவியை இரண்டு முறை திருகினார். இரண்டு முறையும் டக் என்றது, அவ்வளவுதான். மரக்கட்டையை உருவினார். முன் கண்ணாடியில் மஞ்சள் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு இளஞ்சிவப்பு அட்டையை எடுத்து, ‘9 நிமிடம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முன்மேசைப் பெண் கொட்டகைக்குள் வந்தாள். அவர் ஒரு காதின் பஞ்சை எடுத்தார்.

“லாண்டரிக்காரம்மா வந்து உட்கார்ந்திருக்காங்க. ஆயில் மாத்தியாச்சாண்ணே? மூணு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணுமாம்.”

“அதுக்கு இன்னும் ஊத்தல. வடிச்சு வச்சிருக்கேன். பத்து நிமிஷம் ஆகும்னு சொல்லு.” பக்கத்தில் நின்ற வேனைக் காட்டினார். அதுவும் சாம்பல் நிறம். அதே கம்பெனி, ஏறக்குறைய அதே வயது.

அவள் அந்த வேனின் நம்பரைப் பார்த்தாள். “இது மீன்தொட்டிக் கடைக்காரர் வண்டிண்ணே. காலையில நான்தான் அட்டை போட்டேன்.”

அவர் பையிலிருந்து வெள்ளை அட்டையை எடுத்தார். அதிலிருந்த நம்பரைப் படித்தார். மஞ்சள் குறி போட்ட வேனின் பின்பக்கம் போய் நம்பரைப் பார்த்தார். திரும்பவும் அட்டையைப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்தார். உள்ளே கூரை வரைக்கும் வெள்ளைத் துணி மூட்டைகள். ஒவ்வொன்றிலும் வார்டு எண் எழுதிய துணிச்சீட்டு தைத்திருந்தது. சோப்பு வாசனை வந்தது.

“ஐயோ” என்றாள் அவள், மெதுவாக.

*

அந்த வருடம் அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்திருந்தது. எரிபொருளை அதிகம் குடிக்கும் பழைய வண்டியை ஒப்படைத்தால், குறைவாகக் குடிக்கும் புது வண்டியின் விலையில் ஒரு பெரும் பங்கை அரசாங்கமே கட்டும். நிபந்தனைகளில் இரண்டு முக்கியம். பழைய வண்டி தானாக ஓடி வந்து சேர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வரக் கூடாது. வந்த பிறகு அது எக்காலத்திலும் ஓடக் கூடாது. ஓடாத வண்டிக்குக் காசு இல்லை, ஓடுகிற வண்டிக்கு உயிர் இல்லை என்று கொட்டகையில் சொல்லிச் சிரித்தார்கள், முதல் வாரம். இரண்டாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.

எஞ்சினைக் கொல்வது எப்படி என்று விதிப்புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் இருந்தது. ஆயிலை முழுக்க வடித்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக இரண்டு லிட்டர் சிலிக்கேட் கரைசலை ஊற்ற வேண்டும். பார்வைக்குத் தண்ணீர் மாதிரி, கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். எஞ்சினை ஓடவிட்டால் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, மிச்சம் இருப்பது கண்ணாடியாக இறுகும். உள்ளே நகர்கிற எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். கொட்டகையில் அதைக் கண்ணாடித் தண்ணி என்றார்கள்.

அந்த வேலையை யாரும் ஏற்கவில்லை. அவரிடம் கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. மேலும், எதற்கும் வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

அவரை எல்லோரும் ‘காது’ என்றார்கள். நேரில் காதண்ணே. பஸ் டிப்போவின் மதிலை ஒட்டிய வீட்டில் பிறந்தவர். படுக்கையில் கிடந்தபடியே எந்த பஸ் உள்ளே வருகிறது, எதில் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார். வண்டி விற்றுப் பழுதும் பார்க்கும் இந்தக் கம்பெனியில் முப்பத்தோரு வருடமாக மெக்கானிக். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். கம்ப்யூட்டர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு சொல்வதை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஒருமுறை வெளியூரிலிருந்து ஒருவர் போனை எஞ்சின் பக்கத்தில் பிடித்தார். “முதல்ல விசிறியை நிறுத்துங்க, அது சத்தம் வேற கேக்குது” என்றார் இவர். அறையின் மின்விசிறி. அந்தக் கதையை யாராவது புதிதாக வேலைக்கு வந்தால் இன்னமும் சொல்வார்கள். அவர் மறுக்கவும் மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார்.

கண்ணாடித் தண்ணி ஊற்றிய முதல் நாள் ஐந்து வண்டிகள். ஐந்தாவது நிற்கும்போது அவர் வெளியே போய் வாந்தி எடுத்தார். மறுநாள் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து அடைத்துக்கொண்டார். மூன்றாவது நாள் ஒரு காரின் பின்சீட்டில் குழந்தையின் ஒற்றைக் காலுறை கிடந்தது. நான்காவது நாள் ஒரு மூக்குக்கண்ணாடி. அதன்பிறகு அவர் வண்டிக்குள் பார்ப்பதை விட்டுவிட்டார். கதவைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மரக்கட்டையை முட்டுக் கொடுத்துச் சாவியைத் திருகுவார். கைக்கு எல்லாம் பழகிவிட்டது.

அட்டைகளையும் அவர் வண்டியின் வைப்பர் இடுக்கில் விடமாட்டார். எண்ணெய்க் கை பட்டால் எழுத்து மறைந்துவிடும். அதனால் காலையில் ஆயில் வடிக்கும்போதே அட்டைகளை எல்லாம் எடுத்து, வண்டிகள் நிற்கும் வரிசைப்படி அடுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கொல்லப்போகிற வண்டிக்கு இளஞ்சிவப்பு அட்டை, சர்வீசுக்கு வந்ததற்கு வெள்ளை. சர்வீஸ் கொட்டகையில் புது வண்டிகளை நிறுத்திவிட்டதால் அந்த மாதம் இரண்டும் ஒரே வரிசையில் நின்றன. ஆயில் மாற்றுவதற்கும் எஞ்சினைக் கொல்வதற்கும் முதல் பாதி வேலை ஒன்றுதான். அடியில் தட்டை வைத்து வடிய விடுவது.

அன்று வடிய விட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்தச் சமயம் தண்ணீர் லாரி உள்ளே வந்தது. வழியில் இருந்த இரண்டு வேன்களையும் வண்டி கழுவுகிறவர்கள் தள்ளி ஓரம் கட்டினார்கள். லாரி போனதும் திரும்பத் தள்ளி வைத்தார்கள், இடம் மாற்றி. ஒரே மாதிரி இரண்டு வேன், எது எங்கே நின்றால் என்ன என்று நினைத்திருப்பார்கள். நினைத்திருக்கவே மாட்டார்கள்.

பஞ்சு இல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு முதல் வினாடியிலேயே தெரிந்திருக்கும். அது சாகப்போகிற எஞ்சினின் சத்தம் இல்லை.

*

மேனேஜருக்கு முப்பத்தைந்து வயது. வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு. இந்தப் பொண்ணுக்கு. இப்ப உங்களுக்கு சார்.”

“எனக்குத் தெரியாது.”

முன்மேசைப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கும் தெரியாது சார்” என்றாள்.

“சரி, அப்ப எனக்கு மட்டும்” என்றார் காது.

மேனேஜர் கைக்குட்டையை எடுத்து முன் கண்ணாடியிலிருந்த மஞ்சள் குறியைத் துடைத்தார். ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்ததை எச்சில் தொட்டுத் துடைத்தார். “காதண்ணே, ஆயில் மாத்தாம ஓட்டுற வண்டி கடைசியில என்ன ஆகும்?”

“பிடிச்சிக்கும்.”

“இது என்ன ஆச்சு?”

“பிடிச்சிக்கிச்சு.”

“அவ்வளவுதான் விஷயம். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நீங்க பேசற ஆளும் இல்ல.” ஒரு அடி போய்விட்டுத் திரும்பினார். “உங்க நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றேன். பதினாலு மாசந்தானே?”

லாண்டரிக்காரம்மா காத்திருப்போர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்கைகள் இரண்டிலும் நீராவி பட்ட பழைய தழும்புகள். மேனேஜர் அவர் எதிரில் குனிந்து, நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில் பேசினார். எஞ்சின் நின்றுவிட்டது. ஆயில் கெட்டுப்போய்ப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். நாங்கள் திறந்து பார்க்கும்போதே உள்ளே ஒன்றும் இல்லை.

“நல்லாத்தானே ஓட்டிட்டு வந்தேன்?”

“கடைசி வரைக்கும் நல்லாத்தான் ஓடும். அதுதான் அதுல இருக்கற கஷ்டம்.”

“நான் ஆயில் மாத்தத்தானே வந்தேன்?”

“கொஞ்சம் முன்னாடி வந்திருக்கணும்.”

அந்தம்மா மேனேஜரைத் தாண்டிக் காதைப் பார்த்தார். “அண்ணே, நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றார் காது. அது பொய் இல்லை.

“சரி பண்ண முடியாதா?”

எஞ்சின் மாற்ற வேண்டும், அதற்கு வண்டியின் விலையில் பாதிக்குமேல் ஆகும் என்றார் மேனேஜர். அதைவிடப் புது வண்டி பார்க்கலாம். ஆனால் அரசாங்கத் திட்டத்தில் இதை எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் இது இப்போது ஓடாத வண்டி. “நேத்து வந்திருந்தீங்கன்னா எடுத்திருப்பாங்க” என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“நேத்து நான் எதுக்குக் குடுக்கணும்? நல்ல வண்டி. மாசாமாசம் தவணை கட்டறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?” அவர் மணியைப் பார்த்தார். “மூணு மணிக்கு ஆஸ்பத்திரில துணி இறங்கலன்னா ராத்திரி ஷிஃப்ட்டுக்கு விரிப்பு இல்ல. ஒரு நாள் தவறினா ஒப்பந்தத்த வேற ஆளுக்குத் தூக்கிக் குடுத்திடுவாங்க. ரெண்டு பேர் வாசல்லயே காத்துக்கிட்டு இருக்காங்க.”

“நம்ம பிக்கப்புல கொண்டுபோய் விடுவாங்க” என்றார் மேனேஜர், தாராளமாக. “இன்னிக்கு மட்டும்.”

*

மூட்டைகளைக் காதுதான் மாற்றினார். முப்பத்தாறு மூட்டை. லாண்டரிக்காரம்மா, “கை படக்கூடாதுண்ணே, கறை ஆயிடும்” என்றதும் அவர் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிக்கப்பையும் அவரே ஓட்டினார்.

பாதி வழியில் அந்தம்மா, சிக்னலில் நின்றபோது சொன்னார். “என் தப்புதான்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“போன மாசமே மாத்தியிருக்கணும். ஒரு மெஷின் ரிப்பேர். அதுக்குச் செலவாயிடுச்சு. ரெண்டு வாரம்தானேன்னு தள்ளிப் போட்டேன். தங்கச்சி சொல்லிக்கிட்டே இருந்தா. நான்தான் கேக்கல.” பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். “போங்கண்ணே, திட்டறாங்க.”

அவர் கியர் போட்டார். இரண்டு வாரம் தாமதித்தால் ஒரு எஞ்சினுக்கும் ஒன்றும் ஆகாது. இரண்டு மாதம் தாமதித்தாலும் அந்த எஞ்சினுக்கு ஆகியிருக்காது. ஒன்பது நிமிடம் தாங்கிய எஞ்சின். இதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் ஒரு ஊழியர் சீட்டைப் பார்த்து மூட்டைகளை எண்ணினார். “வண்டி எங்க?” என்றார்.

“சர்வீசுக்கு விட்டிருக்கேன்” என்றார் லாண்டரிக்காரம்மா.

“நாளைக்கு வந்துடுமில்ல?”

“வந்துடும்.”

ஊழியர் போய்க் கதவுக்கு அந்தப் பக்கம் யாரிடமோ பேசினார். லாண்டரிக்காரம்மா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காதிடம், “மூணு நாலு நாளைக்கு எப்படியாவது வாடகை வண்டி பிடிச்சிடுவேன். அதுக்கப்புறம் எனக்கு மிஞ்சறது அதுக்குத்தான் போகும்” என்றார். அவரிடம் எதையும் கேட்பதுபோலச் சொல்லவில்லை. கணக்கு சொல்வதுபோலச் சொன்னார்.

*

அவர் மனைவி குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் தொலைபேசிப் பிரிவில் இருந்தாள். நாள் முழுவதும் தண்ணி வரவில்லை, தண்ணி நாறுகிறது என்று ஊர் முழுக்கச் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவாள். இருவரும் வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் பேச மாட்டார்கள். டிவி போட மாட்டார்கள். குக்கர் விசில் அடிப்பதற்குள் அவளே எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிடுவாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை என்று உறவுக்காரர்கள் மெச்சுவார்கள். சத்தம் போடத் தெம்பு இல்லை என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

அன்று அவர் வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன, செருப்போட?” என்றாள்.

அவர் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் வரை அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். லாரி, இடம் மாறிய வேன், மேனேஜரின் கைக்குட்டை, சிக்னலில் அந்தம்மா சொன்னது. ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“கூட அரை மணி நேரம் வண்டியில போயிருக்கீங்க.”

“ம்.”

“காது குடுத்த கடவுள் வாய் குடுக்கல உங்களுக்கு.” கத்தியைக் கீழே வைத்தாள். “சொன்னா என்ன பண்ணுவாங்க?”

“அனுப்பிடுவாங்க. பதினாலு மாசம் போகும். கடைசியில குடுக்கற பணத்துல கை வைப்பாங்க.”

“சொல்லலன்னா?”

அவர் குனிந்து செருப்பின் வாரைச் சரி செய்தார்.

அவள் நறுக்கிய வெண்டைக்காயை ஒரு பக்கம் ஒதுக்கினாள். “எனக்கு ஒரு நாளைக்கு நூத்தி எழுபது போன் வருது. அதுல பாதிப் பேரு, எங்க வீட்டுக் குழாய்லதான் ஏதோ தப்புன்னு நினைச்சுக்கிட்டுக் கூப்பிடறாங்க. பிரிச்சுப் பாத்துட்டோம், மாத்திப் பாத்துட்டோம்னு சொல்றாங்க. தப்பு எங்க மெயின் லைன்லன்னு எனக்குத் தெரியும். சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. புகார் பதிவு பண்ணிட்டேன்னுதான் சொல்லணும்.” கத்தியை மறுபடி எடுத்தாள். “பதினோரு வருஷமா அதத்தான் சொல்லிட்டு இருக்கேன். அதனால என்கிட்ட யோசனை கேக்காதீங்க.”

“கேக்கல.”

“செருப்பு போட்டுட்டுத்தானே உட்கார்ந்திருக்கீங்க.”

அவர் எழுந்தார். அவள், “சாப்பாடு மூடி வைக்கிறேன்” என்றாள்.

*

லாண்டரி, மருந்துக் கடைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. நான்கு துவைக்கும் மெஷின்கள், ஒன்றின்மேல் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருந்தது. சூடான உருளையில் துணி நுழைந்து மறுபக்கம் தகடுபோல வந்தது. அந்தம்மாவின் தங்கை உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா மேசை முன் நின்று பெரிய விரிப்பு ஒன்றைத் தனியாக மடிக்க முயன்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

“என்னண்ணே, வண்டி கிளம்பிடுச்சா?”

“இல்லம்மா.”

“அதானே. வாங்க. வந்ததுதான் வந்தீங்க, அந்த ஓரத்தைப் பிடிங்க. கை சுத்தமா?”

அவர் கையைத் திருப்பிக் காட்டினார். விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தார். அந்தம்மா இழுத்துத் தட்டினார், அவரும் தட்டினார். இருவரும் நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். பிறகு விலகினார்கள். இரண்டாவது முறை நெருங்கி வந்தபோது அவர் சொன்னார்.

“உங்க மேல தப்பு இல்ல. எஞ்சின நான்தான் கொன்னேன்.”

அந்தம்மா முனைகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மடிப்பை முடித்து மேசையில் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். “சொல்லுங்க.”

அவர் சொன்னார். இரண்டாவது முறை சொல்வதால் சுருக்கமாக வந்தது. உருளை ஓடிக்கொண்டிருந்ததால் தங்கைக்குக் கேட்டிருக்காது. அந்தம்மா அடுத்த விரிப்பை எடுக்கவில்லை.

“எத்தனை நேரம் ஓடுச்சு?”

“ஒன்பது நிமிஷம்.”

“மத்த வண்டியெல்லாம்?”

“மூணு. நாலு.”

அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டார். சட்டென்று மூக்கு நுனி சிவந்தது, அழப்போகிறார் என்று தோன்றியது. அழவில்லை. “நல்லாத்தான் வச்சிருந்திருக்கேன்” என்றார்.

“நல்லா வச்சிருந்தீங்க.”

“மத்தியானம் முழுக்க எங்க தங்கச்சிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன் தெரியுமா? அக்கா உனக்கு எல்லாம் அலட்சியம், அக்கா உனக்கு எல்லாம் அலட்சியம்னு.” திரும்பித் தங்கையைப் பார்த்தார். பிறகு காதைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. “மத்தியானமே ஏன் சொல்லல?”

“தைரியம் இல்ல.”

“இப்ப எங்கிருந்து வந்துச்சு?”

“இப்பவும் இல்லம்மா.”

அந்தம்மா மேசை இழுப்பறையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து ஒரு தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டார். பேனாவை வைத்தார். “வாயால சொன்னது வாயோட போயிடும். எழுதிக் குடுங்க.”

அவர் உட்கார்ந்து எழுதினார். அவர் கையெழுத்து பெரிதாக, வரி மேலே ஏறிக்கொண்டே போகும். அந்தம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

“வண்டி ஓடித்தான் வந்துச்சுன்னு எழுதுங்க.”

எழுதினார்.

“நான் ஆயில ஒழுங்கா மாத்திக்கிட்டு இருந்தேன்னும் எழுதுங்க.”

அவர் பேனாவை நிறுத்தினார். “ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன்னு சொன்னீங்களே.”

“அத உங்ககிட்ட சொன்னேன். கம்பெனிகிட்டயா சொன்னேன்?”

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டுக் கீழே தேதி போட்டார். அந்தம்மா தாளை வாங்கி ஊதினார், மை காய்வதற்கு. பால்பாயிண்ட் பேனா. காய்வதற்கு ஒன்றும் இல்லை.

“உங்கள வேலைய விட்டு அனுப்பிட்டா?”

“பாத்துக்கலாம்.”

“உங்களுக்காக நான் இத மறைச்சு வைக்க முடியாதுண்ணே. சொல்லிட்டேன்.”

“மறைக்கச் சொல்லி வரலம்மா.”

“சரி. இன்னும் நாப்பது விரிப்பு இருக்கு. அவசரம் இல்லன்னா பிடிங்க.”

அவர் பிடித்தார். ஏழரை மணிக்கு வீட்டுக்குப் போனார்.

*

மறுநாள் ஒன்பதரை மணிக்கு லாண்டரிக்காரம்மா தாளுடன் வந்தார். தங்கையும் கூட வந்திருந்தார். முன்மேசைப் பெண் அவர்களை மேனேஜர் அறைக்குள் அனுப்பினாள். மேனேஜர் தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் காதைக் கூப்பிட்டார். “இது உங்க கையெழுத்தா?” என்று கேட்டார். ஆமாம் என்றார். முன்மேசைப் பெண்ணையும் கேட்டார்கள். அவள் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தெரியும் என்றாள்.

மேனேஜர் தலைமை அலுவலகத்தோடு நாற்பது நிமிடம் பேசினார். கதவு மூடியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு முடிவு வந்தது. சாம்பல் நிற வேனுக்குக் கம்பெனி செலவில் வேறு எஞ்சின் பொருத்தித் தருவார்கள். மூன்று வாரம் ஆகும். அதுவரை தினமும் இரண்டு மணிக்குப் பிக்கப் லாண்டரிக்குப் போகும். பதிலுக்கு, அந்தத் தாளை லாண்டரிக்காரம்மா திருப்பித் தந்துவிட வேண்டும். அவர் பக்கத்துக் கடையில் போய் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வந்து, தாளைத் தந்தார்.

காதைப் பற்றிய முடிவைத் தனியாகச் சொன்னார்கள். உடனே அனுப்பிவிடச் சொல்லித்தான் உத்தரவு. ஆனால் திட்டம் முடிய இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது, கண்ணாடித் தண்ணி ஊற்ற வேறு ஆள் இல்லை. கொட்டகையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்திருந்தார்கள். அதனால் இருபத்து மூன்று நாள் வேலை செய்துவிட்டு அவர் போகலாம். கடைசிக் கணக்கில் எஞ்சின் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். சம்மதம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

அதன்பிறகு அவர் கொட்டகைக்குப் போனார். அன்று எட்டு வண்டிகள் வரிசையில் இருந்தன. கடைசியாக ஒரு டீசல் வண்டி. அது நாலரை மணிக்கு நின்றது. அட்டையில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு முன்மேசையில் கொடுத்தார். ஐந்தேகாலுக்குப் பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தது.